தைகா என்றால் மூணு

ஜெலுத்தோங் பாசாரில் பூச்சட்டி லாரன்ஸ் வீடு எது என்று கேட்டால், மீன் வெட்டுகிறவர்கூடக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வழி சொல்வார். வெறும் லாரன்ஸ் என்று கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். அதில் ஒருவர் செத்து இரண்டு வருஷமாகிறது. பூச்சட்டி லாரன்ஸ் ஒருவர்தான்.

வயது அறுபத்தெட்டு. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றார். அதற்கு மேல் தனக்குச் சொல்லித்தரப் பள்ளிக்கூடத்திடம் சரக்கு இல்லை என்று அந்த எட்டு வயதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. பதினாலு வயதில் ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, வைத்திருந்த நர்சரியில் மண் மூட்டை தூக்கினார். முப்பதில் சொந்த நர்சரி. இன்றைக்கு இரண்டு லோரி, பதினொரு ஆட்கள். பினாங்குத் தீவில் வெயிலுக்கு ஒதுங்கி ஒரு மரத்தடியில் நிற்கிறவர்களில் பாதிக்குப் பாதி பேர் லாரன்ஸின் நிழலில்தான் நிற்கிறார்கள். பட்டதாரிகளும் அங்கேதான் நிற்கிறார்கள். நிழல் சான்றிதழ் பார்ப்பதில்லை.

"படிச்சவன் மரத்தப் பத்திப் பேசுவான். நான் நட்டா மரம் பேசும்" என்பார். கேட்கிறவர்களுக்கு இது மனப்பாடம்.

எல்லாம் இருந்தும் ஒரு குறை. அவர் மரம் நட்ட இடத்தில் எல்லாம் ஒரு கல் வைப்பார்கள். மண்வெட்டியை ஒரு தடவை தொட்டு, போட்டோ எடுத்து, ஈரத்துணியில் கை துடைத்துக்கொண்டு போன பெரிய மனிதரின் பெயர் அந்தக் கல்லில் இருக்கும். குழி வெட்டின லாரன்ஸின் பெயர் நாற்பது வருஷத்தில் ஒரு கல்லிலும் ஏறவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் செபராங் ஜெயாவில் ஒரு மாலின் மூன்றாம் மாடியில் குளிர்கூடம் கட்டும் வேலை வந்தது. கண்ணாடிச் சுவர் போட்ட பெரிய கூடம்; உள்ளே பத்து டிகிரி குளிர். பூமியின் வடக்குக் கோடியில் என்ன முளைக்கிறது, எங்கே முளைப்பது நின்றுபோகிறது என்பதை வரிசையாக நட்டுக் காட்ட வேண்டும். வருஷம் முழுக்க வியர்த்துச் சம்பாதித்த காசைக் கொடுத்து, பினாங்கு மக்கள் குடும்பத்தோடு வந்து நடுங்கிவிட்டுப் போவார்கள். முன்னேற்றம் என்றால் இதுதான்.

மாலின் மானேஜர் கெல்வின், லாரன்ஸ் போகும் மாதா கோயிலில் ஞானஸ்நானம் வாங்கின பையன். இப்போது டை கட்டியிருந்தான்.

"அங்கிள், வாசல்ல பித்தளை போர்டு ஒண்ணு வைக்கிறோம். கட்டினவங்க பேரு வரும். தோட்டம் அமைத்தவர் லாரன்ஸ்னு போடச் சொல்லியிருக்கேன்."

"முழுப் பேரா?"

"முழுப் பேரு."

"பூச்சட்டின்னு வரக்கூடாது."

"வராது லா அங்கிள்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர்கள் காப்பி குடிக்கும்முன் செய்தியைக் குடித்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போர்டின் அகலம் இரண்டடி. அதற்கடுத்த ஞாயிறு மூன்றடி. "செடி ஒண்ணுகூட வைக்கல, போர்டு மட்டும் நல்லா வளருது" என்றாள் மனைவி மார்த்தா. நாற்பது வருஷமாக அவர் பேச்சுக்கு அடியில் கோடு போடுவதுதான் அவள் வேலை, சிவப்பு மையில்.

திட்டம் போட்டுக்கொடுத்தவர் டாக்டர் ஃபாத்தின். முப்பத்திரண்டு வயது, பின்லாந்தில் ஆறு வருஷம் பாசியையும் புல்லையும் படித்துவிட்டு வந்த மலாய்ப் பெண். முதல் கூட்டத்தில் அரை மணி நேரம் மலாயில் விளக்கினாள். அந்த அரை மணி நேரமும் லாரன்ஸ் கூரையில் ஓடும் குளிர்க்குழாயைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். சரியான இடத்தில் தலையாட்டுவது தனித் திறமை. அதற்குப் பரீட்சை வைத்தால் அவர்தான் முதல்.

திட்டத் தாளை நர்சரியில் விரித்தார்கள். பக்கத்தில் தயாளன், இருபத்திரண்டு வருஷமாகக் கூட வேலை செய்கிறவன், ஐம்பதைத் தொட்டவன். தாளில் எல்லாம் மலாய். நாலு கட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு நிறம், ஒரு பெயர். முதல் கட்டத்தில் பச்சை அடித்து, 'ஹுத்தான் தைகா' என்று எழுதியிருந்தது. ஹுத்தான் என்றால் காடு. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"தவுக்கே, இது என்ன தைகா?"

லாரன்ஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மறுபடி மூக்குக்கு இறக்கினார். மலாயில் தீகா என்றால் மூணு. பாசாரில் கத்தரிக்காய் வாங்குகிற குழந்தைக்கும் தெரியும்.

"பின்லாந்து வரைக்கும் போய்ப் படிச்ச பொண்ணு. தீகான்னு எழுத வரல. நடுவுல ஒரு 'ஏ' விழுந்து கிடக்கு பாரு."

"அப்ப மூணா?"

"காடு, மூணு. மூணு மரம்."

"மூணு மரத்துல எப்படிக் காடாகும்?"

"மால்ல வைக்கிற காடு அவ்வளவுதான் இருக்கும். பின்ன என்ன, பெலூம் காட்டப் பேர்த்துக் கொண்டாந்து லிஃப்ட்ல ஏத்துவியா?"

தயாளன் லிஃப்டை நினைத்துப் பார்த்தான். லிஃப்ட் சின்னதுதான்.

மூன்றாம் கட்டத்தில் 'துண்ட்ரா' என்று இருந்தது. துண்டா என்றால் மலாயில் ஒத்திவைப்பது. மழை வந்தால் பந்தாட்டம் துண்டா, வக்கீல் வராவிட்டால் கேஸ் துண்டா. "இங்க ஒரு 'ஆர்' கூடுதல்" என்று லாரன்ஸ் திருத்தினார். "இந்த இடத்த அப்புறம் பார்த்துக்கலாம்னு அர்த்தம். மண்ணப் பரப்பி விட்டுரு, போதும்." இரண்டாம் கட்டத்தில் 'ஹுத்தான் துண்ட்ரா'. "காடு துண்டா. இங்கயும் காடு வர வேண்டியது. பணம் பத்தல போல, பாவம்."

கடைசிக் கட்டத்தில் பெரிய எழுத்தில் 'குருண் குத்துப்'. அதற்குக் கீழே சின்னதாக: கல், சரளை.

குருண் கெடாவில் இருக்கிற ஊர்; நெடுஞ்சாலையில் வடக்கே போனால் பலகை தெரியும். குருண் என்றால் பாலைவனம் என்றும், குத்துப் என்றால் துருவம் என்றும் மலாயில் அர்த்தம் உண்டு. ஆனால் ஊரும் கல்லும் கண்முன்னே இருக்கும்போது அகராதியைத் தேடிப் போவது வேலையில்லாதவன் செய்வது. "குருண்ல குத்புன்னு ஒரு பாய் இருக்கான். கல் வியாபாரம். அவன்கிட்ட வாங்கச் சொல்லுது" என்றார்.

"எதுக்கும் டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுரலாமே தவுக்கே."

"கேட்டா என்னாகும் தெரியுமா? லாரன்ஸுக்கு மலாய் வாசிக்கத் தெரியலன்னு ஆகும். நாப்பது வருஷமா நான் யார்கிட்டயும் எதையும் கேட்டதில்ல. கேட்டுத்தான் இந்த நர்சரி வந்துச்சா?"

லோரி குருணுக்குப் போனது. குத்புப் பாயை இரண்டு மணி நேரம் தேடினார்கள். அந்தப் பெயரில் ஊரில் கிடைத்த ஒரே ஆள் முடி வெட்டுகிறவர். கல் வேண்டும் என்றதும் அவர் கத்தரிக்கோலைக் காட்டி, தன்னிடம் இருக்கும் சரக்கு இவ்வளவுதான் என்றார். கடைசியில் ஜாஹிர் என்பவரின் கல் கிடங்கில் போய் நின்றார்கள். "குத்பு யாருன்னு தெரியாது அண்ணே. என் பேரு ஜாஹிர். கல்லுக்கு இதெல்லாம் தெரியவா போகுது?" என்றார் ஜாஹிர். நல்ல கல்தான். ஒரு லோரி நிறைய ஏற்றினார்கள்.

ஆறு வாரம் வேலை நடந்தது. தயாளன் இரண்டு சட்டைக்கு மேல் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, பல் கிட்டிக்க, கல்லைக் கொட்டினான். கொட்டினதைச் சும்மா விடாமல் வட்டம் வட்டமாக அடுக்கினான். சாலையோர மரத்துக்கெல்லாம் அப்படித்தான் கல் வைத்துப் பழக்கம். நடுவில் மரம் இல்லையே என்று அவன் கைக்குத் தோன்றவில்லை. ஒத்திவைத்த கட்டங்களில் கரிமண்ணைப் பரப்பினார்கள். ஒரு தண்ணீர்க்குழாய் ஒழுகி, அங்கங்கே குட்டை கட்டி, ஓரத்தில் பாசி பிடித்தது. துடைக்கவில்லை, ஒத்திவைத்த இடத்துக்கு எதற்கு வேலை?

முதல் கட்டத்தில் மூணு மரம். நர்சரியிலேயே சிறந்த மூணு: அடுக்கடுக்காய்க் கிளை விட்டு நேராய் எழும் ஊசியிலைச் சாதி, ஆள் உயரத்துக்கு மேல். ஒன்று லோரியில் சாய்ந்து வந்ததில் கொஞ்சம் கோணல். "மூணும் மூணு ராஜா" என்றார் லாரன்ஸ். கெல்வின் ஒவ்வொரு நாளும் எட்டிப் பார்த்தான். கண்ணாடியில் ஈரம் படிகிறதா, மின்சாரம் எவ்வளவு இழுக்கிறது, இவ்வளவுதான் அவன் பார்ப்பான். ஃபாத்தின் வெளியூரில் இருந்தாள். படம் அனுப்புங்கள் அங்கிள் என்று நாலு தடவை கேட்டாள். "முடிஞ்சதும் நேர்ல பாருங்க" என்று நாலு தடவையும் பதில் போனது.

திறப்பு விழா சனிக்கிழமை. ஃபாத்தின் வந்தது புதன்கிழமை. தடித்த ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கெல்வினோடு பின்கதவு வழியாக நுழைந்தாள். அதனால் அவள் கண்ணில் முதலில் பட்டது கடைசிக் கட்டம்.

அப்படியே நின்றுவிட்டாள்.

"கல்ல இப்படி வட்டமா வைக்கச் சொன்னது யாரு அங்கிள்?" என்றாள், லாரன்ஸுக்குப் புரிகிற பேச்சு மலாயில்.

லாரன்ஸ் தயாளனைப் பார்த்தார். தயாளன் கூரையைப் பார்த்தான். திட்டு விழப்போகிறது என்றால் தயாளன் பெயரைத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எந்தக் கேள்விக்கும் அவர் வாயில் தயாராய் இருந்தது ஒரே பதில். "நான்தான்."

"துருவப் பாலைவனத்துல நிலம் உறைஞ்சு உறைஞ்சு உருகும். அந்த அசைவுல கல்லெல்லாம் ஓரத்துக்குத் தள்ளிப்போய் தானாவே இப்படி வட்டம் கட்டும். இத நான் திட்டத்துல எழுத மறந்துட்டேன். நீங்க எப்படிச் செஞ்சீங்க?"

"அனுபவம் டாக்டர்."

அடுத்த கட்டம். ஃபாத்தின் முட்டி போட்டு உட்கார்ந்து, குட்டை ஓரத்துப் பாசியை விரலால் தொட்டாள். "மரம் ஒண்ணுகூட வைக்கல நீங்க."

"வைக்கல" என்றார் லாரன்ஸ், ஜாக்கிரதையாக.

"வேணாம்னு சொன்னாக்கூட ஆசைப்பட்டு ஒரு மரமாவது வச்சிருவாங்க. துண்ட்ராவுல மரம் நிக்காது. அடி நிலம் வருஷம் முழுக்க ஐஸ். கோடையில மேல ஒரு முழம் உருகும், அவ்வளவுதான். வேர் இறங்க இடமில்ல, தண்ணி வடிய வழியில்ல. அதனாலதான் இப்படிக் குட்டை குட்டையா நிக்கும். பாசி, புல்லு, கணுக்காலுக்கு மேல வளராத செடி. அதை நான் தட்டுல வளர்த்துக் கொண்டு வந்திருக்கேன். நிலத்த அப்படியே விட்டீங்களே, அதுதான் எனக்கு வேணும்."

லாரன்ஸின் நெஞ்சு ஜாக்கெட்டுக்குள் ஒரு அங்குலம் விரிந்தது. ஒத்திவைத்ததற்கு இவ்வளவு மரியாதை அரசாங்கத்தில்கூடக் கிடைக்காது.

பிறகு அந்த மூணு மரம். ஃபாத்தின் கோணல் மரத்தைச் சுற்றி வந்து சிரித்தாள், சந்தோஷச் சிரிப்பு. "காடு முடியற இடம். மரம் குறைஞ்சு, இளைச்சு, அங்க ஒண்ணு இங்க ஒண்ணா, காத்துல சாஞ்சு. ரொம்ப அழகு. ஆனா ஒரு கட்டம் தள்ளி வச்சுட்டீங்க. இது ரெண்டாவதுக்கு வரணும். பரவால்ல, நகர்த்திக்கலாம். தைகா எங்க?"

"இதுதான்."

"இது காடு முடியற இடம் அங்கிள். நான் காட்டக் கேக்கறேன்."

"தீகா" என்றார் லாரன்ஸ். பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோல மூணு விரலை நீட்டினார். "சத்து, டுவா, தீகா. எண்ணிப் பாத்துக்கங்க."

ஃபாத்தின் விரலைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், கையில் இருந்த திட்டத்தைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். படித்தவள் என்றாலும் நல்ல பிள்ளை; சத்தமாகச் சிரிக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

தைகா என்பது அந்தக் காட்டின் பெயர். பூமியின் தலையைச் சுற்றிக் கட்டின பச்சை முண்டாசு மாதிரி, ஒரு கடலில் தொடங்கி இன்னொரு கடல் வரை ஊசியிலை மரம், மரம், மறுபடியும் மரம். அடியில் வெயில் படாத பாசி மெத்தை. நடுநடுவே சதுப்பு. நடந்தால் மாசக்கணக்கில் வெளியே வர முடியாது. இதையெல்லாம் அவள் மெதுவாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல, மூணு ராஜாவும் மூணு துடைப்பமாகிக்கொண்டே வந்தன.

கெல்வின் கரிமண் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். டை ஒருபக்கம் போனது. "சனிக்கிழமை திறந்துவைக்க டத்தோ வர்றாரு."

"மலையிலேர்ந்து மரம் இறக்குவேன்" என்றார் லாரன்ஸ். அங்கேயே நின்று மலைநாட்டு நர்சரிகளுக்குப் போன் போட்டார். எல்லாரும் ஒரே பதில்: அவ்வளவு மரத்துக்கு மூன்று வாரம்.

"அங்கிள்" என்றான் கெல்வின். "போர்டு செய்யறவன் வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் காத்திருப்பான். காடு நின்னா உங்க பேரு நிக்கும். இல்லன்னா தோட்டம்கிற வரியவே எடுத்துருவேன். எனக்கு வேற வழி இல்ல."

மூன்றடி வரை வளர்ந்த போர்டு. ஜெலுத்தோங்கில் அதைப் பற்றிக் கேள்விப்படாதவர் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

வீட்டில் மார்த்தா முழுக்கதையையும் கேட்டாள். சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. மீன் குழம்பை ஊற்றிவிட்டுச் சொன்னாள்: "ஜெலுத்தோங் பிளாட்ல ஒவ்வொரு கட்டில் அடியிலயும் ஒரு மரம் படுத்திருக்கு. இது ஆகஸ்ட் மாசம். டிசம்பர் வரைக்கும் யாரும் தேட மாட்டாங்க."

"பிளாஸ்டிக்கா?"

"பின்ன, மூணா?"

லாரன்ஸ் சாப்பிடுவதை நிறுத்தினார். விஷயம் பிளாஸ்டிக் மட்டும் இல்லை. முப்பது வருஷமாக, ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் வீடு வீடாகப் போய்ப் பலகாரம் தின்றுவிட்டு, அந்தந்த வீட்டு மரத்தைப் பார்த்து அவர் சொல்வது ஒன்றுதான். "இதுக்கு ஒரு விளக்குமாத்த நட்டு வச்சிருக்கலாம்." அந்த வீடுகளின் வாசலில்தான் இப்போது நிற்க வேண்டும்.

ஃபாத்தினுக்குப் போன் போட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சந்தேகத்தை ஒருவரிடம் கேட்டார். அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள். பின்வரிசைக்குச் சரி, உண்மையான மரம் வரும்வரை இவை வெறும் மாதிரி மரங்கள்தான் என்று ஒரு அறிவிப்பு வைக்க வேண்டும், பச்சை மட்டும், உருண்டை, மணி, இறக்கை வைத்த சம்மனசு எதுவும் தொங்கக்கூடாது. "வெள்ளை மரம் இருந்தா கொண்டாங்க. பனி விழுந்ததா வச்சுக்கலாம்."

வியாழக்கிழமை காலை, நாலாம் மாடி, மோனிக்கா வீடு. மோனிக்கா ஆஸ்பத்திரியில் கிளார்க்; அன்று லீவு. லாரன்ஸ் கதவைத் தட்டினார்.

"மோனி, உன் கிறிஸ்மஸ் மரத்த எடு. லோரி கீழ நிக்குது."

"எதுக்கு அங்கிள்? விளக்குமாறு தேவைப்படுதா?"

"வேலை இருக்கு. எடு."

"எடுன்னா எடுக்க மாட்டேன். கேட்டா குடுப்பேன்."

"அதத்தானே கேக்கறேன்."

"இல்ல அங்கிள். நீங்க ஆர்டர் போடுறீங்க. கேக்கறது வேற மாதிரி இருக்கும்."

லாரன்ஸ் நின்றார். ஐம்பது கிலோ மண் மூட்டையை இரண்டு மாடி தூக்கினவர். வேர் அறுந்த மழைமரத்தைப் புயலில் கயிறு கட்டி நிறுத்தினவர். இந்த இரண்டு வார்த்தையைத் தூக்க அவரால் முடியவில்லை. பக்கத்து வீட்டுக் குணவதி கதவைத் திறந்து, துணி உலர்த்துகிற சாக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு துண்டு. அதை மூன்றாவது தடவையாக உதறினாள்.

"தயவு செஞ்சு" என்றார் லாரன்ஸ். சத்தமே இல்லை.

"என்ன அங்கிள்?"

"தயவு செஞ்சு குடும்மா. நான் படிப்பு இல்லாதவன். மலாய்ல தப்பா வாசிச்சுட்டேன். காடு வைக்கச் சொன்னா மூணு மரம் வச்சுட்டேன்."

மோனிக்கா அவரையே பார்த்தாள். சிரித்திருந்தால் அவர் அன்றைக்கே கடல் பாலத்தைத் தாண்டிப் போயிருப்பார், திரும்பி வந்திருக்க மாட்டார். அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய், கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு அண்ணே" என்றாள் குணவதி, துண்டைப் போட்டுவிட்டு. "நாங்க இந்துதான். பிள்ளைங்க லைட்டுக்கு ஆசைப்பட்டு வாங்கினது. ஆறடி."

அடுத்தடுத்த கதவில் வார்த்தை கொஞ்சம் சுலபமாக வந்தது. பத்தாவது கதவில், கேட்பதிலும் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. "நான் கேட்டேன் பாரு, அந்த மாதிரி எவனும் கேக்க முடியாது" என்று படியிறங்கும்போது தயாளனிடம் சொன்னார்.

எல்லாரும் கொடுத்தார்கள். எல்லாரும் ஒரே கவலையும் பட்டார்கள்: திரும்பி வரும்போது வேறு யார் மரமாவது மாறி வந்துவிட்டால்? நட்டாலி என்ற ஆசிரியை தன் மரத்தின் நாலாவது கிளை பிசின் போட்டு ஒட்டினது என்று அடையாளம் சொன்னாள். டெரிக் தன்னுடையது சிங்கப்பூரில் வாங்கினது என்றான். மற்ற மரங்களோடு ஒட்டி வைக்கக்கூடாதாம். லாரன்ஸ் நர்சரியில் செடிக்குக் கட்டுகிற வெள்ளை அட்டையை எடுத்து, தடி மையால் பெயரும் பிளாட் நம்பரும் எழுதி, ஒவ்வொரு மரத்திலும் கட்டினார். எழுத்து கோணலாய் இருந்தது. ஆனால் ஒரு பெயரும் தப்பில்லை. ஒவ்வொன்றையும் உரியவரிடமே கேட்டுக் கேட்டு எழுதினார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு எழுபத்தொரு மரம். அதில் வெள்ளை ஆறு, வயர் பிடுங்கி விளக்கு எரியாமல் செய்தது ஒன்று. ஃபாத்தினே நின்று பெரியதைப் பின்னால், சின்னதை முன்னால் வைத்து, அடியில் பாசியைப் பரப்பினாள். மூணு ராஜாவையும் இரண்டாம் கட்டத்துக்கு நகர்த்தினார்கள். கண்ணாடியில் ஈரம் படிந்து, விளக்கைக் குறைத்ததும், உள்ளே இருட்டாய், அடர்த்தியாய், கண்ணுக்கு முடிவு தெரியாமல் ஒரு காடு நின்றது. அது மெல்லக் குறைந்து மூணு மரமாகி, பிறகு மரமே இல்லாமல் பாசியும் தண்ணீருமாகி, கடைசியில் வெறும் கல்லில் போய் முடிந்தது. லாரன்ஸ் ஒரு கோடியில் நின்று மறுகோடிவரை பார்த்தார். நாலு கட்டமும் ஒரே கதை என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. குளிர் ஏற ஏற, ஒவ்வொன்றாய் விட்டுவிட்டுப் போகிற கதை.

கெல்வின் பகல் பன்னிரண்டுக்கு முன்னால் போர்டுகாரனுக்குப் போன் போட்டான். லாரன்ஸ் பெயர் போட்ட வரி நிலைத்தது.

சனிக்கிழமை, அரசுப் பட்டம் வாங்கின பெரிய மனிதரான டத்தோ வந்தார். ரிப்பன் வெட்டினார். வாசலில் பித்தளை போர்டு பளபளத்தது; ஒன்றரை அடிதான் இருந்தது. லாரன்ஸ் முழுப் பெயரோடு, நாலாவது வரியில். போர்டுக்கு இந்தப் பக்கம் தீயணைப்பு டப்பா, அந்தப் பக்கம் லாரன்ஸ். வெள்ளைச் சட்டை, சுருக்கமில்லாத கால்சட்டை. யாராவது நிமிர்ந்து படிப்பார்கள் என்று நின்றார். உள்ளே போகிறவர்கள் ஜாக்கெட் வாங்குகிற அவசரத்தில் போனார்கள். ஒரு ஆள் மட்டும் வந்து, தண்டாஸ், அதான் கக்கூஸ், எந்தப் பக்கம் என்று கேட்டார். காட்டினார்.

உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார்.

டத்தோ தைகாவின் முன்னால் குனிந்து நின்றார். பூந்தோட்டங்களில் மரத்துக்கு மரம் பெயர்ப்பலகை பார்த்துப் பழகினவர். லத்தீன் பெயர் என்றால் புரியாது என்பதும் அவருக்குப் பழக்கம். அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தார். "மோ-னிக்-கா. சி, நாலு, பன்னிரண்டு." நிமிர்ந்து ஃபாத்தினிடம் கேட்டார்: "இது எந்த நாட்டு இனம் டாக்டர்?"

ஃபாத்தின் பதில் தேடுவதற்குள், "ஜெலுத்தோங், டத்தோ" என்றாள் மோனிக்கா பின்னாலிருந்து. "அது நான்தான்."

அதன்பிறகு விழா யார் கையிலும் இல்லை. பிளாட் ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். காட்டைப் பார்க்க இல்லை, தங்கள் மரத்தைப் பார்க்க. குணவதி குடும்பம் ஆறடி மரத்தின் பக்கத்தில் படம் எடுத்தது. நட்டாலி நாலாவது கிளையைத் தடவிப் பார்த்தாள். டெரிக் தன் மரம் பின்வரிசைக்குப் போனதைப் பற்றிக் கெல்வினிடம் புகார் கொடுத்தான். மறுநாள் பத்திரிகைப் படத்தில் மோனிக்கா இருந்தாள், டத்தோ இருந்தார், எழுபத்தொரு மரத்தில் பாதி இருந்தது. போர்டு இருந்த இடத்தில் டத்தோவின் பாதுகாவலர் முதுகு இருந்தது.

"நாப்பது வருஷம்" என்றார் லாரன்ஸ், பத்திரிகையை மடித்து. மார்த்தா வழக்கமாகப் போடுகிற கோட்டைப் போடவில்லை. காப்பியைப் பக்கத்தில் வைத்தாள்.

மூன்று வாரம் கழித்து மலையிலிருந்து உண்மையான மரங்கள் வந்தன. பைனும் சைப்ரஸும், வடக்குக் கோடி மரங்களுக்குத் தூரத்துச் சொந்தம் என்றாள் ஃபாத்தின். இடுப்பு உயரம், எழுபத்தைந்து கன்று. பிளாஸ்டிக் மரங்களைக் கழற்றிப் பெட்டிகளில் போட்டார்கள். கழற்றின அட்டைகளைத் தயாளன் குப்பைக்கூடையில் போடப் போனான்.

"அத இங்க கொண்டா" என்றார் லாரன்ஸ்.

புதுக் கன்றுகளில் ஒவ்வொன்றாகக் கட்டினார். மோனிக்கா, குணவதி, நட்டாலி. டெரிக்கை முன்வரிசையில் கட்டினார், இல்லாவிட்டால் சும்மா புலம்பிக்கொண்டிருப்பான்.

ஃபாத்தின் வந்து பார்த்தாள். "அங்கிள், இதுல லத்தீன் பேரு எழுதணும். சட்டம்."

"பின்பக்கம் காலியாத்தான் இருக்கு டாக்டர். அங்க எழுதிக்கங்க."

அவள் பேனாவை எடுத்தாள். நாலு கன்று மிச்சம் இருந்தது. கெல்வின் கிண்டலாகக் கேட்டான், அதில் ஒன்றுக்காவது லாரன்ஸ் என்று கட்டக்கூடாதா என்று.

"எனக்குத்தான் போர்டு இருக்கே" என்றார் லாரன்ஸ், மண்ணை மிதித்து இறுக்கிக்கொண்டே. "அதுக்குத் தண்ணி ஊத்த வேண்டியதில்ல. இதுங்களுக்கு ஊத்தணும். குழாயத் தொற."